ஏழாம் எண் வெந்நீர்க் கிணறு

"அண்ணா, ஏழாம் எண் கிணத்தோட கோப்பு வேணும். அது நீங்களே தோண்டினதுதானே?"

சகலை இப்படிக் கேட்டதும் பொறியாளருக்குச் சுருக்கென்றது. கிண்டல் பண்ணுகிறான்!

எண்ணெய்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் கிணறு தோண்டுகிறவர் அவர். அத்தனை வருடத்தில் எண்ணெய்க்குப் பதிலாக வெந்நீர் வந்தது அந்த ஒரே கிணற்றில்தான். அன்றிலிருந்து கேன்டீன் வரைக்கும் அவர் 'வெந்நீர் சார்'.

சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சிக்காரன். கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளில் அந்த வித்தையைச் செய்து பார்க்கக் கம்பெனி அவனை வரவழைத்திருந்தது. அதற்கென்று புதுப் பிரிவு, புதுத் தலைவர். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று பொறியாளர் மனசுக்குள் உட்கார்ந்தே விட்டார். இப்போது இவன் குறுக்கே வந்து நிற்கிறான். போதாக்குறைக்கு வீட்டில் மனைவி, "என் தங்கச்சி வீட்டுக்காரர் மூளையே மூளை" என்று மூன்று வேளையும் பரிமாறினாள்.

ஆளை விரட்டிவிட வேண்டியதுதான் என்று சூடு அளந்த பழைய தாளை எடுத்து நீட்டினார்.

"நூத்துப் பத்து டிகிரிதான் தம்பி. உங்களுக்குக் காணாது."

சகலை தாளைப் பார்த்துத் துள்ளினான். "தோண்டி முடிச்ச கையோட அளந்திருக்கீங்க! தோண்டறப்ப துளையில விட்ட சேறு பாறையைக் குளிர வெச்சிருக்கும். நிஜச் சூடு நூத்தி நாப்பதாவது இருக்கும்ணா!"

பொறியாளருக்கு முகம் கறுத்தது. மறுநாள் பயமுறுத்திப் பார்த்தார்.

"அது பொல்லாத கிணறு. தோண்டின அடுத்த வாரமே இறக்கின கருவி உள்ளேயே வெந்து போச்சு."

"வெந்தே போச்சா? அப்ப நூத்தி அறுபது!"

"எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. வெறும் தண்ணி!"

"தண்ணிதான்ணா வேணும். அதுதானே சூட்டை மேல கொண்டு வரும்? ஆமா, நீங்களே தோண்டினதுதானே? நிச்சயமா?"

மறுபடியும் அதே கேள்வி! பொறியாளருக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றைக்கே மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். 'ஏழாம் எண் கிணற்றைப் பற்றிய எந்தப் பொறுப்பையும் ஏற்க எனக்கு விருப்பமில்லை. இதைப் பற்றி இனி என்னிடம் கேட்க வேண்டாம்.' மானம் போனால் முழுக்க அவனுக்கே போகட்டும்.

பத்தாம் நாள் ஏழாம் எண் கிணறு ஆவியைக் கக்கியது. கம்பெனியே கைதட்டியது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் புதுப் பிரிவின் தலைவர் என்று சகலையின் பெயர்.

பொறியாளர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி மூலைக்கொன்றாக வீசினார்.

"நாற்காலியைத் தட்டிப் பறிச்சுட்டான் உன் தங்கச்சி புருஷன்!"

மனைவி அப்போதுதான் தங்கையிடம் பேசிவிட்டுப் போனை வைத்துத் திரும்பினாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தோண்டினவரைத்தான் தலைவராப் போடணும்னு அவர் வந்த அன்னிக்கே எழுதிக் கொடுத்தாராம். மேலாளர் உங்க லெட்டரைக் காட்டினப்புறம்தான், பாவம், வேற வழியில்லாம ஒத்துக்கிட்டாராம்."