பின்னாலிருந்து படித்த புத்தகம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் பைண்டிங் கடையும் சுகம். அங்கே நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறீர்கள். பன்னிரண்டாவது வருஷமாக வர இயலாது என்று தெரிவித்துக்கொள்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே காரணம் இருக்கிறது.

போன வாரம் கட்டு பிரிந்த ஒரு பழைய வெளிநாட்டுக் கதைப் புத்தகம் தைக்க வந்தது. தாள்கள் முன்பின்னாகக் கிடந்ததால் கடைசிப் பகுதியை முதலிலும் முதல் பகுதியைக் கடைசியிலும் படித்துவிட்டேன். எல்லாருக்கும் வாரி வழங்கிய ஒரு பெரிய மனிதர், கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி தெளிந்து, கடைசியில் குமாஸ்தாவைக் குளிரில் உட்காரவைத்துவிட்டு நிம்மதியாகக் கணக்கு எழுதுகிறார். அடடா, நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன். பக்க எண் பார்த்து அடுக்கும்போதுதான் தெரிந்தது, கதை அப்படியே தலைகீழ்; கஞ்சன்தான் கடைசியில் வள்ளலாகிறார். ஊசியைக் கீழே வைத்துவிட்டேன் மாப்பிள்ளை. அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

சரி, நாமும்தான் கொடுத்துப் பார்ப்போமே என்று, கடையில் பசை தடவும் ஆளை மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொன்னேன், சம்பளம் பிடிக்கமாட்டேன் என்றும் சொன்னேன், மனுஷன் முகம் வெளுத்துப்போச்சு. சாயங்காலம் அவர் சம்சாரம் வந்து, அவரை வேலையை விட்டு நிறுத்திடாதீங்கன்னு ஒரே அழுகை. நிறுத்தவில்லை அம்மா என்று சமாதானம் சொல்லி, மழை தூறுகிறதே என்று என் குடையை நீட்டினேன். அந்தம்மா குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கடையவே மூடப்போறீங்களா?" என்றாள்.

ஆக, எனக்குக் கொடுக்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தால், கல்யாணமான புதிதில் தங்கை கேட்டபோதே அம்மாவின் தையல் மெஷினைக் கொடுத்திருப்பேன். கடைக்கு வேண்டும் என்று பொய் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "வெச்சுக்கோண்ணா. உனக்குத்தான் வேற யாரும் இல்லையே" என்றாள். அது இன்னும் துணி மூடித்தான் கிடக்கிறது. எந்த முகத்தோடு உங்கள் வீட்டில் வந்து கை நனைப்பது? அதனால் வரவில்லை. மெஷினைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, மாமாவைப் போல் இல்லாமல் வளர ஆசிகள். தங்கையை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. தபால்தலை மிச்சம் என்பாள் தங்கை, அதுவும் உண்மைதான். மெஷினை மூன்று மாடி தூக்கி வந்து, அதன் மேலேயே காகிதத்தை வைத்து, உங்கள் வாசலில் நின்றுகொண்டு இந்த வரியை எழுதுகிறேன். கதவுக்கடியில் தள்ளிவிடுகிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே? கதவை மட்டும் அவளையே திறக்கச் சொல்லுங்கள்.