நாலாவது தறியின் வயது

ஆரணி,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய கமலக்கண்ணன் மாமா அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் கந்தசாமி வணங்கி எழுதுவது. இங்கே நானும் தேவகியும் மகள் மதிவதனியும் சுகம். அங்கே தங்கள் சுகத்துக்கும் அக்கா சுகத்துக்கும் கோயிலில் அர்ச்சனை செய்தோம். முறைப்படி எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதில் சுகமான சேதி ஒன்றும் கிடையாது. போனில் சொல்லலாம்தான், ஆனால் பாதியிலேயே நீங்கள் வைத்துவிடுவீர்கள்.

தாங்கள் ஆர்க்கெஸ்ட்ராவை விட்டுக் கோயம்புத்தூர் மில் வேலைக்குப் போனபோது எங்கள் மாடியில் வைத்துவிட்டுப் போன, மேசை மாதிரி காலில் நிற்கிற அந்தப் பெடல் ஸ்டீல் கிடாரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன மாதம் அக்கா போனில் அழுதாள். "ரிட்டயர் ஆனதுலேர்ந்து சுவத்தப் பாத்துகினே குந்திகினு கீறாருடா. ஒரு வார்த்த பேசறதில்ல. நேத்துதான் வாயத் தொறந்து, அந்தக் கிடாரு இன்னும் கீதான்னு கேட்டாரு," என்றாள். பெங்களூரில் ரிப்பேர் செய்கிறவர், மாடலும் வருஷமும் தெரிந்தால் உதிரி சாமான் வரவழைத்து வாசிக்கும்படி செய்து தருகிறேன் என்றாராம். உங்களுக்கு இரண்டுமே நினைவில்லையாம். "அத்த மட்டும் பாத்துச் சொல்லுடா," என்றாள். பார்த்துச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன் மாமா. அங்கேதான் ஆரம்பித்தது.

பழைய பட்டுப்புடவை என்றால் ஜரிகை கறுத்திருக்கிற விதத்தைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவேன், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்தத் திமிர். கிடாரின் முன்பக்கம் ஏதோ பெயர் எழுதியிருந்தது, அழுக்கில் சரியாகத் தெரியவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். நன்றாகவே தேய்த்தேன். அழுக்கு போனது, பளபளவென்று ஆனது, பெயரும் போனது. முதல் எழுத்து என்னவென்று எனக்கும் மதிவதனிக்கும் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

பெயர் போனால் என்ன, எண் இருக்குமே என்று தேடினோம். பக்கவாட்டில் சின்னத் தகடு, அதில் எட்டு இலக்கம். எனக்கு உயிர் வந்தது. இந்த மாதிரி கிடார்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் ஒன்று இணையத்தில் இருக்கிறது, அதில் அமெரிக்காவில் ஒரு பெரியவர் எண்ணைப் பார்த்தே பிறந்த வருஷம் சொல்லிவிடுவாராம். மதிவதனி அனுப்பினாள். ஐம்பது வருஷமாக இதே வேலையாக இருக்கிறேன், இப்படி ஓர் எண்ணைக் கண்டதில்லை, உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும் போலிருக்கிறது என்று அவர் பதில் எழுத, கூட்டமே நான்கு நாள் தூங்காமல் விவாதித்தது. ஐந்தாம் நாள் தேவகி காப்பி கொண்டுவந்தவள் தகட்டைப் பார்த்துவிட்டு, "அது தறி நம்பருங்க. கவர்மெண்டுலேர்ந்து தறிக் கணக்கெடுக்க வந்தவரு அடிச்சிட்டுப் போனது," என்றாள். எனக்குப் புரியவில்லை. நாலு கால், மேலே பத்துத் தந்தி, கீழே மூன்று மிதி. கணக்கெடுக்க வந்த மனுஷர் எங்கள் மூன்று தறிகளோடு இதையும் தறி என்றே எழுதிக்கொண்டாராம். "இது யாருதுன்னு கேட்டாரு. கமலக்கண்ணன் அண்ணனுதுன்னு சொன்னேன். எழுதிகினு போய்ட்டாரு," என்றாள். ஆக, மாமா, அந்தக் கணக்கின்படி எங்கள் வீட்டு நாலாவது தறியில் நெய்துகொண்டிருப்பது நீங்கள்தான்.

அமெரிக்கப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டோம். தங்கமான மனுஷர், கோபிக்கவில்லை. அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், மிதியை அழுத்தினால் கம்பிகள் தந்தியை இழுக்கிற அமைப்பைப் பார்த்தே வருஷம் சொல்லிவிடலாம் என்றார். கவிழ்த்தால் உள்ளே முழுக்கக் குளவிக்கூடு. அதை எடுக்கக் கம்பிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. தறி மெக்கானிக் சடையனைக் கூப்பிட்டேன். "பொடவைல பூப் போடற ஜக்கார்டையே கழட்டி மாட்டறவன் நானு, இது இன்னாண்ணே," என்றான். பதினெட்டுக் கம்பி. இடம் மாறக்கூடாதென்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் பட்டு இழை கட்டி வைத்தேன். கூட்டைச் சுரண்டி முடித்துவிட்டு எண்ணினால் பன்னிரண்டுதான் இருந்தது. சடையனுக்குப் போன் போட்டேன். "போளூர்ல ஒரு தறி நின்னு போச்சுண்ணே, ரொம்ப பேஜார். உங்க கம்பி ஆறு போட்டேன், அளவு கரெக்டா கீது, ஜம்முனு ஓடுது," என்கிறான். ஓடுவது முகூர்த்தப் புடவை. தறியில் ஏற்றிய பாவு நூல் முழுக்க நெய்து முடிகிற வரை ஒரு கம்பியைக்கூடத் தொட விடமாட்டேன் என்று கல்யாணப் பெண்ணின் அப்பா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினோம். அமெரிக்கப் பெரியவரின் பதிலை மதிவதனி படித்துச் சொன்னாள்: "உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கறேன்னு போட்டுகீறாருப்பா."

என்னால முடியல மாமா. பெயரில்லை, எண்ணில்லை, ஆறு கம்பி இல்லை. நீங்கள் மாடியில் வாசிக்கும்போது கீழே நான் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். இழை அறுந்துவிட்டது என்று அப்பாவிடம் பொய் சொல்வேன். இதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சத்தத்தை உங்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரே ஒரு வேலை சொன்னாள் அக்கா, அதையும் கெடுத்துவிட்டேன். கிடார் கறையான் அரித்துப் போய்விட்டது என்று நினைத்து மறந்துவிடுங்கள். ஆரணிக்கு வந்து அதைப் பார்க்க வேண்டாம். நீங்கள் பார்த்தால் என்னால் தாங்க முடியாது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்களுக்கு நீண்ட ஆயுளும், என்னை மன்னிக்கிற மனசும் உண்டாகட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
கந்தசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தேவகி கூப்பிட்டாள். கிடார் வந்த கறுப்புப் பெட்டியில்தான் இத்தனை வருஷமும் அவள் புடவைகளை வைத்திருக்கிறாள். மிச்சமிருப்பதை அதில் போட்டு மூடலாமென்று காலி செய்திருக்கிறாள். மூடியின் உட்புறம் புடவைக்காக அவள் ஒட்டியிருந்த செய்தித்தாளைக் கிழித்தால், அடியில் உங்கள் கையெழுத்து. மாடல், எண், 1974 என்று வருஷம், எந்த மிதிக்கு எந்தக் கம்பி என்று படம் வரைந்து பதினெட்டும். கடைசியில் இரண்டு கோடு இழுத்து, 'கந்தசாமி, நீ கீழே தறியை நிறுத்திவிட்டுக் கேட்பது எனக்குத் தெரியும். வந்து வாசிப்பேன். அதுவரை எதையும் கழற்றாதே.' மேலே எழுதியதை விட்டுவிட்டு அக்காவோடு கிளம்பி வாருங்கள் மாமா. போளூரில் பாவு முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.