சன்னாசியின் அகப்பை

கெர்லிங் தோட்டம்
7.8.1956

செரண்டாவில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் செல்லையா அவர்களுக்கு, உங்கள் தங்கை வேலம்மாவைக் கட்டிய இருசப்பன் கும்பிட்டு எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், நான் ஒருவன் தவிர.

காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று சர்க்கார் வீட்டில் உலை வைப்பதைத் தடுத்து, தோட்டம் முழுவதற்கும் ஒரே கொட்டகையில் சமைத்து அளந்து போடுகிறார்கள். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம் உட்கார்ந்து சாப்பாடு. முதல் வாரம் வயிறு நிறையவில்லை என்று நான் போட்ட சத்தம் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. அங்கே அகப்பை பிடிப்பவன் சன்னாசி. படிய வாரிய தலை, எந்நேரமும் சிரிப்பு. மூன்று வாரமாக உங்கள் தங்கை வரிசையில் அவன் முன்னே நின்று ஏதோ முணுமுணுக்கிறாள். என்னடி பேச்சு என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமில்லாததற்கு எதற்கு மச்சான் அத்தனை நேரம்? சன்னாசியைக் கேட்டேன். "அண்ணே, நான் உங்க லயத்துப் பக்கமே வந்ததில்ல" என்றான். லயத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லையே. பக்கத்து வீட்டு நல்லம்மாள் தனக்கு எதுவும் தெரியாது என்று நான் வாய் திறக்கும் முன்பே சொன்னாள். எங்களை வேலை வாங்கும் மண்டோர் நாராயணசாமி அப்படியெல்லாம் இருக்காது என்றார். ஆக நாலு பேரும் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள். ஒருவராவது 'இருக்கும்' என்று சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருப்பேன். அவளோ நாளுக்கு நாள் இளைக்கிறாள், ஏக்கம். என் தட்டிலோ சோறு குவிகிறது. என் வாயை அடைக்கத்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

நேற்று வேலிக் கதவில் சோதனை போடும் போலீஸ்காரர் அரிசி இருக்கிறதா என்று கேட்டார். இருந்த எரிச்சலில் இல்லை, இல்லை, இல்லவே இல்லை என்றேன். மூன்று தரம் இல்லை என்கிறவனிடம்தான் இருக்கும் என்று தலைப்பாகை முதல் கோவணம்வரை அவிழ்த்துப் பார்த்து, மத்தியானம்வரை வெயிலில் உட்கார வைத்துவிட்டார். இல்லாததை நான் எப்படி மச்சான் காட்டுவேன்? இப்படியும் ஒரு மனிதனுக்குச் சந்தேகம் வருமா?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அக்காவுக்குக் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
மனம் நொந்த இருசப்பன்

பின்குறிப்பு: வர வேண்டாம். இன்று வரிசையில் வேலம்மா மயங்கி விழுந்துவிட்டாள். சன்னாசி அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "தன் பங்குல பாதிய உங்க தட்டுல போடச் சொல்லுதுண்ணே. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு" என்றான். கொட்டகையிலேயே கஞ்சி வாங்கி நானே ஊட்டினேன். ஆனாலும் மச்சான், அவள் பட்டினி கிடப்பது அந்தப் பயலுக்கு மூன்று வாரமாகத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.