போர்மேன் அண்ணாச்சியும் மெழுகுவர்த்தியும்

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டவருக்கே பாதுகாப்பு விதிகள் வகுத்துக் கொடுத்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் போர்மேன் அண்ணாச்சி. ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர் மனைவிகூட வாசலில் நின்று, "போர்மேன் வந்துட்டாகளா?" என்றுதான் விசாரிப்பார்.

பட்டாசை வெடிக்க மட்டுமே தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து புழங்கும் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். செருப்பு கூடாது, நைலான் துணி கூடாது. நுழைவதற்கு முன்னால் வாசலில் பதித்திருக்கும் உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதையெல்லாம் கவனிப்பதுதான் போர்மேன் வேலை. மற்ற போர்மேன்கள் சாயங்காலம் இந்த விதிகளைக் கம்பெனியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எங்கள் அண்ணாச்சி மொபெட்டின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

ஏழாயிரம்பண்ணை போகும் வழியில் உள்ள எங்கள் லுத்தரன் சபை சின்னது. கோயில் கதவு உள்பக்கம் திறந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி கமிட்டிக்கு வந்த முதல் மாதமே ஆசாரியை அழைத்து அதை வெளிப்பக்கம் திறக்க வைத்தார். அடுத்து பெஞ்சுகள். ஒரு பெஞ்சுக்கு நாலு பேர். ஐந்தாவதாக யாராவது நெருக்கி உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். மாமியார் வீட்டாரோடு முதல் ஞாயிறு ஆராதனைக்கு வந்த ஒரு புது மாப்பிள்ளை, அந்தப் பார்வை தாங்காமல் எழுந்து, பெண்டாட்டியைப் பிரிந்து கடைசி பெஞ்சுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கோயில் வாசலில் ஓர் இரும்புக் கிராதி இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே வர வேண்டும் என்றும் பழக்கிவிட்டார். மாற்றலாகி வந்த புது ஆயர் இதை எங்கள் ஊர் பக்தி என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது வாரம் அவரும் தொட்டார். நாலாவது வாரம் அதைப் பற்றியே பிரசங்கம் செய்தார். பாரங்களை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வருகிற மக்கள் என்று எங்களை மனமாரப் பாராட்டினார். சபைச் செயலாளர் என்ற முறையில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பிரசங்கம் நன்றாக இருந்தது.

செயலாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தேர்தல் நடந்த கூட்டத்துக்குப் போகாமல் இருந்தேன், தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பிழைப்புக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தினசரிக் காலண்டர்களுக்குப் புரூப் பார்க்கிறேன். ராகுகாலமும் எமகண்டமும் பிழையில்லாமல் வர வேண்டுமே என்று கவலைப்படும் லுத்தரன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதனால் அடுத்தவர் கிறுக்கைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

எல்லாவற்றையும்விட அண்ணாச்சிக்கு ஆகாதது நெருப்பு. பீடத்தின் மேல் இருந்த மெழுகுவர்த்திகளை எடுத்துவிட்டு பேட்டரியில் எரிகிறவற்றை வைத்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லார் கையிலும் நிஜ மெழுகுவர்த்தி கொடுப்பார். ஏற்ற விட மாட்டார். நாங்கள் பற்றவைக்காத மெழுகுவர்த்திகளைப் பிடித்துக்கொண்டு, "ஒளி வந்தது" என்று பாடுவோம்.

இதைப் பார்த்து நாங்கள் சிரித்தாலும் அவர் முகத்துக்கு எதிரே சிரித்ததில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன், தீபாவளி சீசன் நெருக்கத்தில், ஒருநாள் சாத்தூரில் சொந்தக்காரர் கல்யாணம் என்று அண்ணாச்சி லீவு போட்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து ஆர்டர் அவசரம். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஏழு பேரை உட்கார வைத்திருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது அந்த அறை வெடித்த செய்தி அவருக்கு வந்தது. இறந்த ஏழு பேரில் ஐந்து பேர் எங்கள் சபை. அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கொஞ்சம் தேறியிருப்பார் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி மெர்சியின் அம்மா. மெர்சி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் வாலிபர் சங்கத்தில் நன்றாகப் பாடுகிறவள். அதைவிட நன்றாக வாயாடுகிறவள்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் வாரங்களில் தரங்கம்பாடியில் லுத்தரன் இளைஞர்களின் பெரிய கூடுகை ஒன்று நடப்பதாகத் தகவல் வந்தது. பல மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். கடைசி நாள் சாயங்காலம், ஒவ்வொரு சபையாரும் முன்னால் போய், இறந்துபோன தங்கள் மனிதர்களின் பெயரை வாசித்து, ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மெர்சி அதற்காகவே பெயர் கொடுத்தாள். அதை அவள் மறைக்கவும் இல்லை.

மெர்சியின் அப்பா ஆலங்குளத்துக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் லாரி டிரைவர். மகளை வெளியூர் அனுப்பவே யோசிக்கிறவர். அண்ணாச்சி கூட வருகிறார் என்றதும்தான் சம்மதித்தார்.

"நெருப்புப் பக்கம் மட்டும் பிள்ளைய விட்டுராதீக அண்ணாச்சி."

"விடமாட்டேன்" என்றார் அண்ணாச்சி.

ஒரே வார்த்தைதான். ஆனால் அவர் வார்த்தை கொடுத்தால் அது அரசாணை மாதிரி. மெர்சி இதைக் கேள்விப்பட்டு, வாலிபர் சங்கக் கூட்டத்தில் நேரடியாகவே கேட்டாள்.

"எங்க அம்மாவுக்கு நான் ஏத்தணும் அண்ணாச்சி."

"ஏத்தாம நெனச்சா ஒங்க அம்மா வேண்டாம்னு சொல்லிருவாளாக்கும்?"

"அப்பம் நீங்களும் மருந்தில்லாம வெடி செஞ்சு லோடு ஏத்துங்க. எம்புட்டு ஆர்டர் வருதுன்னு பாப்போம்."

கூட்டம் அத்தோடு முடிந்தது.

கம்பெனி வேன் ஒன்றை இரவல் வாங்கிப் புறப்பட்டோம். ஏறுவதற்கு முன்பே சோதனை. பையன்கள் கூடுகைக்கென்று சபைப் பெயரை அச்சடித்து, பளபளவென்று ஒரே மாதிரி பனியன் வாங்கியிருந்தார்கள். அண்ணாச்சி அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். பாலியெஸ்டர். அத்தனையும் கழற்றப்பட்டு, வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி வெள்ளைப் பருத்திச் சட்டை வரவழைக்கப்பட்டது. விருதுநகரில் எண்ணெய் புரோட்டா சாப்பிட நிறுத்தினோம். மேஜைக்கு நாலு பேர், நடுவில் ஒரு மேஜை காலி என்று அவர் எங்களை உட்கார வைத்ததில் கடை முழுக்க எங்களுக்கே போய்விட்டது. அடுப்புக்குப் பக்கத்து மேஜையில் யாரும் உட்காரக்கூடாது என்று நின்றவர்களையும் தடுத்தார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவுக இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டார். இல்லை, எங்கள் சபை மூப்பர் என்றேன். அதற்கும் அவர் பயந்த மாதிரிதான் தெரிந்தது.

தரங்கம்பாடியில் வெள்ளைச் சட்டையோடு வரிசையாக இறங்கிய எங்களைச் சமையல் குழு என்று நினைத்துக்கொண்டார்கள். நான் சாப்பாட்டுக் கூடத்தைக் கடப்பதற்குள் இரண்டு பேர் என்னிடம் சாம்பார் கேட்டுவிட்டார்கள்.

கடலைப் பார்த்தபடி பெரிய பந்தல். நுழைவாயிலில் ஓர் இரும்புத் தூண். எங்கள் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் ஆளுக்கு ஆள் அதைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். பின்னால் வந்த எங்கள் ஆயர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டார். அவருக்குப் பின்னால் வந்த ஆந்திரக் குழு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அவர்களும் தொட்டார்கள். மறுநாள் காலையில் அந்தத் தூணுக்கு முன்னால் வரிசை நின்றது. வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் இரண்டு கையாலும் தொட்டுக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டார். தொண்டர் ஒருவர் அண்ணாச்சியிடம் வந்து இது உங்கள் சபையின் பழைய மரபா என்று பயபக்தியோடு விசாரித்தார்.

"ஆமா" என்றார் அண்ணாச்சி. "எல்லாருக்கும் நல்லது."

ஆனால் பந்தலைக் கடைசிவரை அவர் நம்பவில்லை. எல்லாம் துணி. வழி போதாது. மூன்று நாளும் ஒரு பிரசங்கத்துக்குக்கூட அவர் உட்காரவில்லை; வெளியே போகும் வழியில் நின்றுகொண்டு, எங்கள் பிள்ளைகள் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெர்சி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மற்ற பிள்ளைகளுக்கும் அங்கே ஏற்ற வேண்டிய பெயர்கள் இருந்தன. அவர்கள் மெர்சியைப் பார்த்தார்கள், மெர்சி கடலைப் பார்த்தாள். ஆயர் ஒருமுறை அண்ணாச்சியிடம் தணிவாகப் பேசிப் பார்த்தார். அண்ணாச்சி முழுதும் கேட்டுவிட்டு, அவ அப்பாவுக்குச் சொன்னது சொன்னதுதான் என்று முடித்துக்கொண்டார்.

கடைசி நாள் மழை விட்டிருந்தது. ஆராதனைக்குக் கொஞ்ச நேரம் முன்னால் அண்ணாச்சி என்னிடம் வந்து செல்போன் கேட்டார். மருந்துப் பக்கம் செல்போன் ஆகாது என்பதால் அவர் தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டதே இல்லை. மெர்சியின் அப்பாவுக்குப் போடச் சொன்னார். காதில் வைக்க மாட்டார். கையை நீட்டி தூரத்தில் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அதனால் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். லாரி ஓடும் சத்தம் கேட்டது.

"நான் போர்மேன் பேசுதேன்."

"பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நல்லாருக்கா. நெருப்புப் பக்கம் விடமாட்டேன்னு ஒங்ககிட்ட சொன்னேன். இப்பம் அவ, அவ அம்மைக்கு மெழுகுவர்த்தி ஏத்தணுங்கா. நான் என்ன செய்யட்டும்?"

லாரி எங்கேயோ ஓரம் கட்டி நின்றது. எஞ்சின் அணைந்தது.  நான் நகர்ந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"அன்னைக்கி நீங்க இருந்திருந்தா அவ வீட்டுக்கு வந்திருப்பா அண்ணாச்சி" என்றது போன். "அது எனக்குத் தெரியும். அதனாலதான் பிள்ளைய ஒங்களோட அனுப்புனேன்."

அண்ணாச்சி கையை நீட்டியபடியே நின்றார்.

"நீங்க பக்கத்துல நிப்பீகளா?"

"நிப்பேன்."

"அப்பம் ஏத்தட்டும்."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அது ஈரமாக இருந்தது. வியர்வையாகவும் இருக்கலாம். மெர்சியிடம் அவர் போய்ச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தாவணி நுனியைச் சுற்றி இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லி அவர் சைகை காட்டியது தெரிந்தது.

எங்கள் சபையின் முறை வந்தது. மற்ற சபையார் எல்லாரும் மொத்தமாகப் போய் ஏற்றிவிட்டு வந்தார்கள். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நாலு நாலு பேராகப் போனோம். நீளமான வெள்ளை அங்கி போட்ட ஏற்பாட்டாளர் ஒருவர் ஓடிவந்து, நேரமாகிறது, எல்லாரும் ஒன்றாக வரலாம் என்றார். ஒன்றாக வரக்கூடாது என்று அண்ணாச்சி சொன்ன குரலில், வந்தவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போனார். அத்தனை ஆயிரம் பேரும் காத்திருந்தார்கள். மற்ற சபைகளில் வாசித்தவை பெரும்பாலும் வயதாகிப் போனவர்களின் பெயர்கள். எங்கள் ஆயர் வாசித்தபோது, ஒரே நாளில் இறந்த ஐந்து பெண்களின் பெயர் அடுத்தடுத்து வந்தது.  அதற்குப் பிறகு எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை.

அம்மா பெயர் வந்ததும் மெர்சி பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து தன்னுடையதை ஏற்றிக்கொண்டாள். அண்ணாச்சி அவள் பக்கத்திலேயே நடந்தார்.  பந்தல் ஓரத்தில், சபைகள் நிற்க வேண்டிய இடத்துக்கு வந்தபோது கடலிலிருந்து ஒரு காற்று வந்தது. அவள் கையில் இருந்தது அணைந்துவிட்டது.

அவ்வளவு பேசுகிற பெண், திரியிலிருந்து எழுந்த புகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பீடத்துக்கு முன்னால் அடுத்த சபை நெருங்கி நின்றுவிட்டது. திரும்பிப் போக வழியில்லை. அண்ணாச்சி அந்தத் திரியைப் பார்த்தார். அவருக்கு வேண்டியது தானாகவே நடந்துவிட்டிருந்தது. கொடுத்த வார்த்தையும் காப்பாற்றியாயிற்று, பிள்ளையும் ஏற்றியாயிற்று. வேறு யாராவது இருந்திருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் ஏற்றியது என் கையில் எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, கொஞ்சம் நெருப்பு தாங்க."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நாங்கள் யாரும் கேட்டதில்லை. நான் என் மெழுகுவர்த்தியைச் சாய்த்தேன். மெர்சி தன்னுடையதை நீட்டினாள். திரி பற்றியதும் அண்ணாச்சி குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதைச் சுற்றிக் குவித்துக்கொண்டு, காற்று வந்த பக்கத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றார். மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் ஏறி, எத்தனை தேய்த்தும் போகாமல் ரேகைகளில் வெள்ளி படிந்திருக்கும் கைகள் அவை. பாட்டு முடியும் வரை அப்படியே நின்றார். அவ்வளவு பத்திரமான இடத்தில் நான் இதுவரை வேறு எந்த நெருப்பையும் பார்த்ததில்லை.