அழைக்காமல் வந்த இருபத்து மூன்று பேர்

தீர்மானித்துவிட்டேன். இந்த வருஷம் என் பெயர்த் திருநாளன்று போனை அணைத்து மாவு டப்பாவுக்குள் புதைத்துவிடுவது.

என் பெயர் ராங்கேல். நவம்பர் எட்டு, தேவதூதர் நாள்; தேவதூதர் பெயரை வைத்துக்கொண்ட எனக்கும் என் அப்பா ஆங்கெலுக்கும் திருநாள். எங்கள் பிளெவன் ஊரில் இதற்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை. பிரியம் இருப்பவர்கள் தாமாக வருவார்கள். என் சின்ன வயதில் போன் இல்லாத எங்கள் ஒன்றரை அறை வீட்டுக்கு நாற்பது பேர் வருவார்கள். கட்டிலில் குவிந்த கோட்டுகளின் மேலேயே நான் தூங்கிப்போவேன்.

போன வருஷம் எனக்கு நாற்பத்தொரு பூங்கொத்து வந்தது. எல்லாம் போனுக்குள். நேரில் வந்த ஒரே மனிதர் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர். அவரைப் பிடித்து உட்கார வைத்து ராக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். பயந்து ஓடிவிட்டார்.

"போன் அணைஞ்சு கிடந்தா ஜனங்க நடந்து வருவாங்க, பாரு" என்றேன் மனைவி ருமியானாவிடம்.

"செத்துட்டேன்னு நெனச்சுப்பாங்க."

"அப்பவும் வரத்தானே செய்வாங்க? அந்தக் காலத்துல..."

"அந்தக் காலத்துல உங்கம்மா நாப்பது பேர் தட்டை ஐஸ் தண்ணியில கையால கழுவினாங்க. அதையும் கொண்டு வர்றியா?"

"பேஷா! பத்து பேர் வந்துட்டா அத்தனை தட்டையும் நானே கையால கழுவறேன். தட்டு கழுவற மெஷினைத் தொட மாட்டேன். ஆனா அப்புறம் வருஷம் பூரா சாப்பாட்டு மேஜையில உன் போன் இருக்கக் கூடாது."

"சரி" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் சண்டை போடாமல் "சரி" சொன்னது கல்யாணத்தன்று மட்டும்தான். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

திருநாளன்று போனை மாவுக்குள் புதைத்துவிட்டு, முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்து இருநூறு சர்மா சுருட்டினேன். ருமியானா நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"எங்கக்காவுக்கு. ஊறுகாய்ப் பக்குவம் கேக்கறா."

மணி நாலு. ஐந்து. ஐந்தரை. ஒரு காக்கை கூட வரவில்லை. ஜன்னலோரம் நின்றேன். போன் இல்லையென்றால் என்னை யாருக்குமே ஞாபகமில்லை. ஐம்பத்து மூன்று வயதில் இதைத் தெரிந்துகொள்ளவா இருநூறு சர்மா சுருட்டினேன்?

ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இருபத்து மூன்று பேர்! முன்னால் என் அம்மா, பின்னால் மைத்துனன் பிளாமென்.

"எப்படிடா ஞாபகம் வந்துச்சு?"

"மனசு சொல்லுச்சு மச்சான்" என்றான் பிளாமென், தரையைப் பார்த்தபடி.

வெட்கமில்லாமல் அழுதேன். என்ன மரியாதையான மனிதர்கள்! சாலட்டுக்கு ஒரு தட்டு, சர்மாவுக்கு ஒரு தட்டு, வெறும் ரொட்டிக்குத் தனித் தட்டு. அம்மா மட்டும் ஏழு தட்டு மாற்றினார். பழைய பண்பாடு சாகவில்லை என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

எட்டு மணிக்குக் கலைந்தார்கள். நான் தொட்டியருகே தட்டு மலைக்கு முன்னால் நின்றேன். ருமியானா சோபாவில் சாய்ந்து, ஒரு கையில் பனிட்சாப் பலகாரமும் மறு கையில் போனுமாக இருந்தாள்.

"ஏய், பந்தயம்!"

"மேஜையில தானே இருக்கக் கூடாது? இது சோபா."

மூன்றாவது மாடி எலென்கா அத்தை மட்டும் கிளம்பவில்லை. தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கண்ணாடி கொண்டு வரல, ராங்கேல். ருமி மத்தியானம் எங்க எல்லாருக்கும் குரூப்புல அனுப்பினதைக் கொஞ்சம் படியேன். சொன்னபடி எல்லாம் செஞ்சேனான்னு பாத்துக்கறேன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

"ஆறு மணிக்கு எல்லாரும் வாங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லாதீங்க, பாவம், அழுதுடுவான். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் மறக்காம தட்டை மாத்துங்க."

"நான் அஞ்சு மாத்தினேன். போதுமா?" என்றார் அத்தை கவலையோடு.

செய்திக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். முதல் கட்டைவிரல் என் அம்மாவுடையது.