பூட்டுக்கடைக்காரர் வீட்டு வைஃபை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அன்று ஒரு மாபெரும் முடிவெடுத்தார். வீட்டு இன்டர்நெட்டை வெட்டிவிடுவது.

"பக்கத்து வீட்ல சும்மா கொட்டிக் கெடக்கு. நாம எதுக்குத் தண்டம் அழணும்?"

பக்கத்து வீட்டுக்காரர் தனிக்கட்டை. வாழ்நாளெல்லாம் பூட்டு விற்றவர். ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டவர், தன் வைஃபையை மட்டும் மல்லாக்கத் திறந்து போட்டிருந்தார்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்றாள் மனைவி.

"கேட்டா அது உதவி. காலம் பூரா பல்லைக் காட்டணும். கேக்காம எடுத்தா வெறும் காத்து. காத்துக்கு எவனாவது வேலி போடுவானா?"

"வெளிநாட்லேர்ந்து பொண்ணு கூப்பிட்டா?"

"காத்துலயே பேசுவோம்!"

அந்தக் காற்று, வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்தான் அடித்தது. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். போனில் மகள் முகம் வந்தது. "அப்பா, ஒரு முக்கியமான..." என்றவள், திறந்த வாயோடு திரையில் உறைந்து போனாள்.

"என்னங்க சொன்னா?"

"உடம்பைப் பாத்துக்கச் சொல்றா" என்று அவராகவே உரை எழுதினார்.

மறுநாள் வைஃபைக்குப் பூட்டு விழுந்தது. 'பூட்டு' என்று போட்டுப் பார்த்தார். 'சாவி' என்று போட்டார். இரண்டையும் சேர்த்துப் போட்டார். மசியவில்லை. சில வாரம் இழுபறி. கடைசியில் வெட்கத்தை விட்டு அடுத்த வீட்டுப் படியேறினார்.

"வைஃபைக்கெல்லாம் பூட்டுப் போட்டுட்டீங்க போலிருக்கே?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"உங்க வீட்டுத் தங்கச்சிதான் போட்டுக் குடுத்துச்சு. 'யாரோ திருடுறாங்கண்ணே'ன்னுச்சு. பாஸ்வேர்டும் அதுதான் வெச்சுது, எனக்கே வாயில நுழையல. பொண்ணோட தினமும் இந்த ஹால்லதான் பேச்சு. அட, மறந்தே போனேன்... தாத்தா ஆகப் போறீங்களாமே! வாழ்த்துகள்!"

அவருக்குத் திரையில் உறைந்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. மகள் முதன்முதலில் சொல்ல வந்தது தன்னிடம்தான். அந்த நேரத்தில் தான் உட்கார்ந்திருந்த லட்சணத்தை நினைக்க அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தவர் கத்தவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

"தன் வாயாலதான் அப்பாகிட்ட சொல்வேன்னு அடம் பிடிக்கிறா. அப்பா லைன்ல வந்தாத்தானே?"

"சரி, பாஸ்வேர்டச் சொல்லு."

"அது அண்ணன் வீட்டுது. நமக்குன்னு ஒண்ணு வாங்குங்க."

வாங்கினார். முன்பைவிட வேகமானதாகவே வாங்கினார். ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். அவள் சொல்லச் சொல்ல, புதிதாகக் கேட்பதுபோல் வாயைப் பிளந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்பா கஞ்சத்தனத்துல கோட்டை விட்டுட்டேன்மா. போகட்டும். குழந்தைக்குப் பேராவது நான் வெக்கிறேன்."

படம் கண்ணாடியாகத் தெரிந்தது. மகள் தயங்கியதும் தெரிந்தது.

"பேரு முடிவாயிடுச்சேப்பா... பூட்டுக்கடை மாமா வெச்சுட்டாரு."