நகம் வளர்த்த பிரம்மச்சாரி

ஊருக்குத் தெரியாமல் காதலித்தவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் கல்யாணமே செய்துகொண்டவர்களும் உண்டு. ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் நகம் வளர்த்தவன் இன்னும் பிறக்கவில்லை. முயன்று பார்த்தவன் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் எனக்குக் குமாஸ்தா வேலை. பக்கத்து நாற்காலி பிரான்சிஸ் கல்யாண வீடுகளில் கிதார் வாசிப்பான். மற்றவர்கள் எல்லாக் கம்பிகளையும் ஒரே இழுப்பில் அறைவார்கள். இவனோ கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல் என்று கம்பி கம்பியாகப் பிரித்து மீட்டுவான். அதற்கு ஆர்ப்பீஜியோ என்று பெயராம். கேட்ட அன்றே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. (வாய்ப்பாட்டு வாத்தியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்த கதை தனி.)

"வலத்தே கையில நகம் வேணும், ஸ்வாமி. நகம் இல்லெங்கில் சப்தம் வராது" என்றான், நான் பாடம் கேட்கப் போன முதல் நாளே.

அங்கேதான் சிக்கல். எங்கள் வீட்டுக்கு வரும் நாவிதர், சவரம் முடித்த கையோடு கேட்காமலே நகத்தையும் வெட்டிவிடுவார். அவர் தலையைக் கண்டதும் கொல்லை வழியாக நழுவ ஆரம்பித்தேன். இடக்கை நகங்களைக் கடித்தே குறைத்துக்கொண்டேன்; சொந்தமாகச் சவரம் செய்யவோ தைரியமில்லை. ஆகவே நகத்தோடு முடியும் தாடியும் செழித்து வளர்ந்தன.

எங்கள் பிராமணக் குடும்பங்களில் ஓர் ஆண்பிள்ளை இந்த மூன்றையும் சேர்த்து வளர்த்தால் அதற்குப் பெயர் தீட்சை. மனைவி கர்ப்பமாக இருக்கிறாள் என்று அர்த்தம். பெற்றவர்கள் போனாலும் சிலர் வளர்ப்பதுண்டு.

"நாங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். பின்னே எதுக்குடா தீட்சை?" என்றாள் அம்மா. "எந்தப் பொண்ணாக்கும்? பறை!"

கிதார் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் கிதாரும் சாராயமும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். "ஒண்ணுமில்லை" என்றேன். சந்தேகத்துக்கு இதைவிட நல்ல உரம் கிடையாது. அம்மா என் சட்டைகளை முகர்ந்து பார்க்கத் தொடங்கினாள். அப்பா செய்தித்தாளுக்கு மேலாக என் விரல்களையே பார்த்தார். அவையோ தொடையில் கிதார் பாடத்தைத் தட்டிக்கொண்டே இருந்தன.

"பார்த்தேளா, மாசம் எண்ணறான்" என்றாள் அம்மா.

இந்த லட்சணத்தில் எர்ணாகுளத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். "கேட்டா பழனிக்கு வேண்டுதல்னு பறைஞ்சுடு" என்று படகிலேயே அம்மா சொல்லிக்கொடுத்தாள். காப்பி கொண்டுவந்த கமலத்தைப் பார்த்ததும், இவள் கிடைக்காவிட்டால் நான் தொலைந்தேன் என்று தோன்றியது. பதற்றத்தில் விரல்கள் முழங்காலில் ஓட ஆரம்பித்தன.

கமலத்தின் அப்பா கேட்டதும் பழனிக்கு வேண்டுதல் என்றேன். அவர் என் தாடியைப் பார்த்தார். பிறகு விரல்களை.

"பழனிக்கு முடி குடுப்பா, செரி. முருகன் எப்போலேர்ந்து நகம் கேக்கறார்? அதுவும் ஒரு கைக்கு மட்டும்?"

உண்மையைக் கக்கிவிட்டேன். அவர் நம்பவில்லை. "எங்கே கத்துக்கறே, காட்டு" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அடுத்த படகில் எல்லோரும் மட்டாஞ்சேரி வந்து, பிரான்சிஸின் வீட்டுக் கதவைத் தட்டினோம்.

திறந்தவள் அவன் மனைவி. நிறைமாதம். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, "ஆகா, ஸ்வாமி வந்தோ!" என்றாள்.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதாக்கும் கிதாரோ?" என்றார் கமலத்தின் அப்பா.

பிரான்சிஸ் உள்ளேயிருந்து சட்டை கூடப் போடாமல் ஓடிவந்து, "இது எண்டெ பாரியையாணு!" என்று தன் மனைவியைக் காட்டி அலறி, கிதாரை என் கையில் திணித்தான். என் கல்யாணமே இப்போது ஆறு கம்பிகளில் தொங்கியது. கட்டைவிரல் சரியாக விழுந்தது. ஆள்காட்டி விரல் தப்பான கம்பியில் விழுந்தது. நடுவிரல் நகம் கம்பியில் மாட்டி, டிக்கென்று ஒடிந்து கமலத்தின் அப்பாவுடைய வேட்டியில் போய் விழுந்தது.

நகத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பையன் சொல்றது சத்யமாக்கும்" என்றார். "கள்ளம் பறையறவனா இருந்தா கொஞ்சமாவது ஒழுங்கா வாசிச்சிருப்பான்." பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "இனிமே எம்பொண்ணு உண்டானாலொழிய இவன் நகம் வளரப்படாது."

வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றவும் செய்தேன். கமலம் உண்டாகும்போதெல்லாம் தீட்சையும் நானுமாக பிரான்சிஸிடம் ஓடுவேன். குழந்தை பிறந்ததும் நாவிதர் வருவார், பாடம் நின்றுவிடும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் பிள்ளைகள் முந்திக்கொண்டு சொல்கிறார்கள்: "அப்பாவுக்குக் கிதார்ல மூணு பாடம்தான் தெரியும். ஏன்னா நாங்க மூணு பேராக்கும்."

அன்றொரு நாள், நாலாவது பாடம் ரொம்ப அழகாக இருக்குமாம் என்று மெதுவாகச் சொல்லிப்பார்த்தேன். கமலம் நகவெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.